கோடை கேம்புக்குத் தன்னார்வலராகப் போவது: கொடைக்கானலா, அமெரிக்காவா?

இரண்டுக்கும் போய் வந்துவிட்டேன். 2023 மே மாதம் கொடைக்கானல் மலையிலேயே, எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் ஒரு தனியார் கேம்ப். 2024 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அமெரிக்காவில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஏரிக்கரையோரம் ஒரு கேம்ப். பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெண்கள் "எந்தக் கேம்புக்குக்கா போகலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முடிந்தால் ஒருமுறை வெளிநாட்டுக்குப் போய்விட்டு வாருங்கள் என்பதுதான் என் பதில். காரணம் ஒன்றே ஒன்று. அதற்கு முன் மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் காலம். மலையில் கேம்ப் என்றால் ஏப்ரல், மே. சீசனும் அப்போதுதான், பள்ளி லீவும் அப்போதுதான். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஜூனில் ஆரம்பித்து ஆகஸ்ட் வரை லீவு. நம் பள்ளிகளும் கல்லூரிகளும் ஜூனில் திறந்துவிடும். அதனால் படித்துக்கொண்டிருப்பவர்களும் வேலையில் இருக்கும் டீச்சர்களும் அங்கே போவது கஷ்டம். படிப்பு முடிந்து வேலைக்குப் போவதற்கு முன் கிடைக்கிற இடைவெளிதான் தோது. நான் அப்படித்தான் போனேன்.

அப்புறம் செலவு. இங்கே பஸ் டிக்கெட்டோடு முடிந்தது. அங்கே போக, பரிமாற்றத் திட்டங்களில் வருகிறவர்களுக்கான ஜே-1 விசாவில் கேம்ப் கவுன்சிலர், அதாவது கேம்பில் பிள்ளைகளோடு இருந்து பார்த்துக்கொள்பவர், என்று தனிப் பிரிவே இருக்கிறது. 18 வயது முடிந்திருக்க வேண்டும். மாணவராகவோ, ஆசிரியராகவோ, பிள்ளைகளோடு வேலை செய்து பழகியவராகவோ, ஏதாவது தனித்திறமை உள்ளவராகவோ இருக்க வேண்டும். அதிகபட்சம் 4 மாதம். அமெரிக்க அரசு அனுமதித்த ஸ்பான்சர் அமைப்பு ஒன்று நம்மைச் சேர்த்துக்கொண்டதற்கான டிஎஸ்-2019 படிவம் தந்தால்தான் விசாவுக்கே விண்ணப்பிக்க முடியும். விசா கட்டணம் 185 டாலர், இப்படி வருகிறவர்களின் விவரத்தை அமெரிக்க அரசு பதிந்துவைக்கும் செவிஸ் முறைக்கான கட்டணம் 35 டாலர், இவை போக ஸ்பான்சருக்கு ஒரு தொகை, விமான டிக்கெட். சென்னையில் நேர்காணலில் மறுத்துவிட்டால் விசா கட்டணம் திரும்ப வராது. 2025 ஜூனிலிருந்து சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைக்கவும் சொல்கிறார்கள்.

நாம் தன்னார்வம் என்று சொன்னாலும் அங்கே பணம் தருகிறார்கள். அமெரிக்கக் கவுன்சிலருக்கு இணையாகத் தர வேண்டும் என்பது விதி. சமையலறை வேலைக்கோ ஆபீஸ் வேலைக்கோ இந்த விசாவில் வருகிறவர்களைப் போடக் கூடாது என்பதும் விதி. கிடைத்த பணத்தில் டிக்கெட் செலவின் பெரும்பகுதி எனக்குத் திரும்பி வந்தது. கையில் கொஞ்சமாவது பணம் இல்லாமல் கிளம்ப முடியாது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அப்பா சொசைட்டியில் கடன் வாங்கித்தான் என்னை அனுப்பினார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2023இல் மலை கேம்புக்கு நான் போய்ச் சேர்ந்தது சாயங்காலம் நாலு மணிக்கு. ஆறு மணிக்குப் பிள்ளைகளின் வேன் வந்துவிட்டது. சென்னை, மதுரை, திருப்பூரிலிருந்து 24 பேர், எல்லோரும் 9 முதல் 13 வயது. நடுவில் இருந்த இரண்டு மணி நேரத்தில் எனக்குச் சொல்லித் தந்தது எந்த டெண்டில் யார், சாப்பாடு எப்போது, அவ்வளவுதான். யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு எது சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது என்று எழுதிய ஒரு தாள்கூட இல்லை.

மூன்றாம் நாள் சோலையை ஒட்டிய ஓடைக்குக் கூட்டிப் போனோம். நானும் ஜீப் ஓட்டும் அண்ணனும் மட்டும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எனக்கும்தான். மரத்தில் படர்ந்த பாசியைத் தொட்டுப் பார்க்கிறார்கள், கருமந்தி கத்துவதைக் கேட்டு அப்படியே நின்றுவிடுகிறார்கள். திரும்பும்போது எண்ணினேன். 23. மறுபடி எண்ணினேன். 23. மணி ஐந்தரை, மேகம் இறங்க ஆரம்பித்துவிட்டது. காட்டுமாடு வெளியே வருகிற நேரம். அண்ணன் ஒரு பக்கம் ஓட, நான் மற்றப் பிள்ளைகளை ஜீப்பில் அடைத்துவிட்டு இன்னொரு பக்கம் ஓடினேன். கால் மணி நேரம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். ஒன்பது வயதுப் பையன், பாறைக்குப் பின்னால் ஷூவைக் கழற்றிவைத்துவிட்டுக் கணுக்காலில் ஒட்டியிருந்த அட்டையைக் குச்சியால் நெம்பிக்கொண்டிருந்தான். "கூப்பிட்டீங்களாக்கா? தண்ணி சத்தத்துல கேக்கல" என்றான்.

கேம்ப் நடத்துகிறவரிடம் போய்ச் சொன்னேன். "அதான் கிடைச்சுட்டான்ல, விடும்மா. பேரன்ட்ஸ்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்காதே" என்றார். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

அமெரிக்காவில் பிள்ளைகள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே எங்களை வரவழைத்துவிட்டார்கள். அந்த ஒரு வாரமும் பயிற்சிதான். எந்தப் பிள்ளையோடும் தனியறையில் தனியாக இருக்கக் கூடாது. மருந்து எல்லாம் நர்ஸிடம். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் எபிபென் என்ற அவசர மருந்து ஊசியைத் தொடையில் எங்கே, எப்படிக் குத்துவது என்று பொம்மை ஊசியை வைத்து ஒவ்வொருவரும் செய்து காட்ட வேண்டும். நாங்கள் தங்கிய கேபினில் எட்டுப் பிள்ளைகள், நாங்கள் இருவர். அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷன் அங்கீகாரம் தரும் கேம்ப்களுக்கு ஒரு கணக்கு உண்டு: ராத்தங்கும் கேம்பில் 6 முதல் 8 வயது என்றால் 6 பிள்ளைகளுக்கு ஒருவர், 9 முதல் 14 வயது என்றால் 8 பிள்ளைகளுக்கு ஒருவர். அந்த அங்கீகாரம் கட்டாயம் இல்லை, அது இல்லாத கேம்ப்களும் இருக்கின்றன. ஆனாலும் அந்த எண்களைப் படித்தபோது எனக்கு ஓடைக்கரைதான் ஞாபகம் வந்தது. 24 பேருக்கு மூன்று பேர் இருந்திருக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் டிரைவர்.

ஏரிக்கரையில் ஒரு பலகை இருந்தது. வரிசையாக ஆணி. பிள்ளைக்கு ஒன்றாகப் பெயர் எழுதிய வட்டப் பில்லை, ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. தண்ணீரில் இறங்குவதற்கு முன் ஜோடியாக வந்து, இரண்டு பில்லையையும் ஒரே ஆணியில் சிவப்புப் பக்கம் தெரியும்படி மாட்ட வேண்டும். கரையேறினால் வெள்ளைக்குத் திருப்ப வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு விசில். ஊதியதும் ஜோடிகள் கைகோத்து மேலே தூக்க வேண்டும். பலகையில் உள்ள எண்ணிக்கையும் தண்ணீரில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துப்போனால்தான் மறுபடி நீந்தலாம்.

ஜூலையில் ஒருநாள் ஒத்துப்போகவில்லை. ஒரு சிறுமி பில்லையைத் திருப்பாமல் பாத்ரூமுக்குப் போய்விட்டாள். அத்தனை பேரையும் கரையேற்றினார்கள். லைஃப் கார்டுகள் கைகோத்து வரிசையாக ஏரியின் அடியைத் தடவியபடி நடக்க ஆரம்பித்தார்கள். நாலு நிமிடத்தில் அவளே துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். அன்று மாலை டைரக்டர் அவள் வீட்டுக்கு அவரே போன் செய்து நடந்ததைச் சொன்னார். பிறகு எங்களை உட்காரவைத்து, பிள்ளையைத் திட்டாமல், நாங்கள் எந்த இடத்தில் கவனிக்கத் தவறினோம் என்று ஒவ்வொரு நிமிடமாகக் கேட்டு எழுதினார். இதைக் கற்றுக்கொள்ளத்தான் போகச் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தில் மலைதான் மேல், அதையும் சொல்ல வேண்டும். ராத்திரி. வீட்டு ஞாபகத்தில் அழுகிற பிள்ளைக்கு மொழி வேண்டும். பகலில் விளையாடவும் அதட்டவும் என் இங்கிலீஷ் போதுமாக இருந்தது. இருட்டில் ஒரு பத்து வயதுப் பெண் விசும்பும்போது நான் சொன்ன ஆறுதல் பாடப் புத்தகத்திலிருந்து வந்ததுபோல இருந்தது. இங்கே "அக்கா, அம்மாகிட்ட பேசணும்" என்று வந்தவளிடம் "வாடா தங்கம், இப்படி உக்காரு" என்றாலே பாதி அழுகை நின்றது. அங்கே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அது தப்பில்லை, ஆனால் அக்கா என்று கூப்பிட்டால் வருகிற உரிமை வேறு.

ஐரோப்பாவையும் சிலர் கேட்கிறார்கள். சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு முதல் உலகப் போருக்குப் பின், 1920இல், பிரான்சில் வெர்டூன் பக்கம் இடிந்த கிராமத்தைக் கட்டித் தரப் போனதில் ஆரம்பித்தது. இன்றும் அதுபோன்ற அமைப்புகள் இரண்டு, மூன்று வாரத் தன்னார்வ முகாம்கள் நடத்துகின்றன. சாப்பாடும் தங்கலும் அவர்கள் பொறுப்பு, பயணச் செலவு நம்முடையது. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ. என் தோழி ஒருத்தி ஜெர்மனியில் பிள்ளைகள் முகாம் ஒன்றுக்குப் போய்ச் சந்தோஷமாக வந்தாள். நான் போனதில்லை, அதனால் அதிகம் பேச மாட்டேன். இரண்டு வாரத்தில் பயிற்சி எவ்வளவு கிடைக்கும் என்பது மட்டும் எனக்குச் சந்தேகம். நான் பார்த்தது அங்கே ஒன்று, இங்கே இரண்டு கேம்ப்தான் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மலையில் இதைவிட நன்றாக நடத்துகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

வெளிநாடு போக வழியில்லாதவர்கள் மலை கேம்பில் சேருவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை பிள்ளைக்கு ஒருவர், மருந்து யார் கையில், பிள்ளை காணாமல் போனால் முதலில் யாருக்குப் போன். பதில் வரவில்லை என்றால் சேராதீர்கள்.

2025 மே மாதம் வேறொரு மலை கேம்புக்குப் போனேன். போவதற்கு முன் ஆசாரியிடம் சொல்லி ஒரு பிளைவுட் பலகையில் 30 ஆணி அடித்து வாங்கிக்கொண்டேன். பில்லைகளுக்கு நானே பெயின்ட் அடித்துத் தமிழில் பெயர் எழுதினேன். கேம்ப் நடத்துகிற சார் முதலில் "நம்ம பிள்ளைங்க எங்கம்மா போயிடப் போகுது" என்றார். ஓடைக்கரைக் கதையைச் சொன்ன பிறகு அவரே பலகையை ஜீப்பில் ஏற்றினார். முதல் இரண்டு நாள் நான் ஒவ்வொருவராகப் பிடித்து ஞாபகப்படுத்தினேன். மூன்றாம் நாள் ஒருவன் ஓடையிலிருந்து ஏறி நேராகச் சுண்டல் பக்கம் ஓட, தண்ணீருக்குள் நின்ற அவன் ஜோடி கத்தினான்: "டேய், பில்லையத் திருப்பிட்டுப் போடா!"