பயிற்சி அறை நன்று, அதற்கு வெளியேதான் குறை: ஓர் அரசு இடையீட்டு சேவை மையம்

மதுரையைச் சுற்றியுள்ள மாவட்டங்களுள் ஒன்றின் அரசு மருத்துவமனை வளாகத்தில், வளர்ச்சியிலோ நடத்தையிலோ சிக்கல் உள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் மாவட்ட இடையீட்டு சேவை மையத்திற்கு என் தங்கை தன் ஐந்து வயது மகனைப் பல மாதங்களாக அழைத்துச் சென்று வருகிறாள். துணைக்கு நானும் போவதுண்டு. கட்டணம் இல்லாத இச்சேவை எப்படி என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: உள்ளே கிடைக்கும் பயிற்சி, காசு கொடுத்துப் போகும் இடங்களுக்குக் குறைந்ததல்ல, ஆனால் அந்த அறையைவிட்டு வெளியே வந்தபின் பிள்ளைக்குப் பொறுப்பேற்க ஆள் இல்லை.

ஆர்பிஎஸ்கே எனப்படும் தேசிய சிறார் நலத் திட்டம் 2013-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரையுள்ளோரிடம் பிறவிக் குறை, நோய், சத்துக்குறைபாடு, வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் தேடிக் கண்டறிவது இதன் வேலை. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரு முறையும் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வரவேண்டும். அப்படி அங்கன்வாடிக்கு வந்த குழுதான், ஓரிடத்தில் நில்லாமல் ஓடிக்கொண்டும் மற்ற பிள்ளைகளை அடித்துக்கொண்டும் இருந்த இவனைக் கவனித்து இந்த மையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தது. "சேட்டைக்காரப் பய, வளர வளரச் சரியாயிடும்" என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த நிலையில் அந்தச் சீட்டு வந்தது பெரிய காரியம்.

பயிற்சி அறை சிறியது. மின்விசிறி சத்தம் போடும். ஆனால் அங்கு நான் பார்த்தது மறக்கக்கூடியதல்ல. வண்ண மரக்கட்டைகள் இருந்த பிளாஸ்டிக் தொட்டியைப் பையன் எட்டி உதைத்தான். தங்கை கையை ஓங்கினாள். "அக்கா, இப்ப அவனைப் பாக்காதீங்க, செவத்தைப் பாருங்க" என்றார் பயிற்சியாளர். யாரும் திட்டவில்லை, யாரும் கெஞ்சவும் இல்லை. கொஞ்ச நேரம் கத்திவிட்டு, எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்துவிட்டு, அவனாகவே குனிந்து ஒரு சிவப்புக் கட்டையை எடுத்துத் தொட்டிக்குள் போட்டான். அந்த நொடியே அவர் திரும்பி, "சிவப்புக் கட்டையை எடுத்து வச்சிட்டியா, சூப்பர்டா தங்கம்" என்றார். வெறுமனே 'நல்ல பையன்' என்று சொல்லாமல் அவன் செய்த காரியத்தைப் பேர் சொல்லிப் பாராட்ட வேண்டும் என்பதும், ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்ல வேண்டும் என்பதும் தங்கைக்குக் கிடைத்த வீட்டுப்பாடம். அடுத்த முறை அப்பத்தாவையும் அழைத்து வரச் சொன்னார்; வீட்டில் ஒருவர் கண்டிக்க, மற்றவர் மிட்டாய் கொடுத்தால் பயிற்சி நிற்காதல்லவா! பாண்டி கோயிலில் கட்டிய கயிறு பையன் கையில் இருந்தது. அதை அவர் கழற்றச் சொல்லவும் இல்லை, கேலி பேசவும் இல்லை.

இலவசம் என்பதால் இது மட்டமான சிகிச்சையும் அல்ல. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் கவனக்குறைவு-மிகைச் செயல்பாட்டுக் கோளாறுக்கு (ஏடிஎச்டி), மாத்திரைக்கு முன்பாகப் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியைத்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் முதலில் பரிந்துரைக்கிறது.

இனி குறைகள். எங்களுக்குப் பழகிய பயிற்சியாளர் ஒப்பந்தப் பணியாளர். வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த இடம் நிரம்பும்வரை கையெழுத்து வாங்கித் திரும்பியதுதான் மிச்சம். புதியவர் வந்தபோது, பழைய குறிப்பேடு கைக்குக் கிடைக்காததால், பிள்ளை எப்போது நடந்தான், எப்போது பேசினான் என்று முதலிலிருந்து கேட்டார். இம்மையங்களுக்குப் பணம் தரும் தேசிய நலவாழ்வு இயக்கத்தின் நிதியில் மத்திய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் தருகின்றன. அதில் இத்தகைய பணியிடங்கள் பெரும்பாலும் தொகுப்பூதியத்தில்தான் நிரப்பப்படுகின்றன. ஒருவரின் உதட்டசைவுக்கும் பார்வைக்கும் பழக மாதக்கணக்காகும் பிள்ளையிடம் ஆளை மாற்றிக்கொண்டே இருந்தால் செலவழித்த பணமும் வீண், உழைப்பும் வீண்.

அடுத்த தொல்லை கோப்பு. மையம் சுகாதாரத் துறையிடம், அங்கன்வாடி சமூகநலத் துறையிடம், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் பள்ளிக்கல்வித் துறையிடம், அடையாள அட்டை மாற்றுத்திறனாளிகள் நலத் துறையிடம். இந்த நான்கையும் இணைப்பது ரப்பர் பேண்ட் போட்டு என் தங்கை சுமக்கும் ஜெராக்ஸ் கட்டு மட்டுமே. ஒவ்வொரு கவுண்டரிலும் அடுத்த கவுண்டரைக் கைகாட்டுகிறார்கள். வேலை நாளின் காலையில் மட்டுமே பயிற்சி என்பதால் அவளுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகிறது. ஆண்கள் வராததற்கும் இதுவே சாக்காகிவிடுகிறது.

சீர்திருத்தம் என்றதும் புதிய கட்டடம் திறக்கத் தோன்றும். எனக்குத் தெரிந்து அவசரத் தேவை அதுவல்ல. ஒரு குடும்பத்துக்கு ஒரு பொறுப்பாளர், துறைகள் அனைத்தும் பார்க்கக்கூடிய ஒரே பதிவு, சனிக்கிழமைப் பயிற்சி, நிலையான பணியிடம் ஆகியவை போதும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அதே பாதையில் குழந்தைகளுக்கான நடத்தைப் பயிற்சியும் ஏன் வரக்கூடாது? 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-வது பிரிவு, அரசின் செலவில் மனநலச் சேவை பெறுவதை உரிமையாக்கியிருக்கிறது. அரசு தரவேண்டிய சேவைகளுள் குழந்தைகளுக்கான மனநலச் சேவையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆகவே இதைத் தயவாகக் கேட்க வேண்டியதில்லை.

குறைகள் இத்தனை இருந்தும், பிள்ளையின் நடத்தையில் ஐயம் உள்ளவர்கள் தயங்காமல் தங்கள் மாவட்ட மையத்துக்குச் செல்லலாம் என்றே சொல்வேன். அங்கன்வாடிச் சீட்டு, தடுப்பூசி அட்டை, ஆதார் ஆகியவற்றின் நகல்களை இரண்டு படி எடுத்துக்கொள்ளுங்கள். ஓபி சீட்டு போடக் காலையிலேயே போய்விடுங்கள். பயிற்சியாளர் சொல்வதை உங்கள் நோட்டிலும் தேதியோடு எழுதி வாங்குங்கள். மையம் மூடியிருக்கும் நேரத்தில் நிலைமை கைமீறினால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலேயே பேசுவார்கள்.