ஏசியில் ஐஸ்: கேஸா, சென்சரா, புதுக் கொயிலா?

மாமியை ஏற்றிவர வெள்ளவத்தையிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் போன இரவில்தான் இந்தப் பிரச்சினை தலைகாட்டியது. காலி வீதி நெடுக கார் ஏசி நன்றாகத்தான் குளிர்ந்தது. பேலியகொடையில் அதிவேகப் பாதையில் ஏறிப் பத்து நிமிடம் ஆகவில்லை, காற்று மெலியத் தொடங்கிவிட்டது. புளோவரை 4இல் வைத்தால் சத்தம் மட்டும் 4க்கு வருகிறது, காற்று ஒன்றுக்குக்கூட இல்லை. விமான நிலையத்தில் முக்கால் மணித்தியாலம் காத்திருந்துவிட்டு வந்து பார்த்தால், காருக்கு அடியில் வாளித் தண்ணீரைக் கவிழ்த்ததுபோல் ஈரம். ஏசியோ ஒன்றுமே நடக்காத மாதிரி ஜில்லென்று வீசுகிறது.

டெஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் கொயிலில் ஐஸ் கட்டினால் இப்படித்தான் நடக்கும். தகடுகளுக்கு இடையில் ஐஸ் அடைத்துவிடுவதால் காற்று போக வழியிருக்காது. சொட்டவேண்டிய தண்ணீரும் உறைந்துபோவதால், ஓடும்போது வழமையாக அடியில் விழும் சொட்டு நின்றுவிடும். காற்றின் வேகம் குறையாமல் குளிர் மட்டும் போய்ப்போய் வந்தால் அது வேறு கதை: குளிரூட்டும் கேஸ் ஓடும் லைனுக்குள் ஈரம் புகுந்து, கேஸை கொயிலுக்குள் அளந்துவிடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைவதாக இருக்கலாம், அதற்கு ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றி, லைனில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வெக்யூம் போடவேண்டும்.

கொயிலில் ஐஸ் என்று போனால் கராஜில் மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள்: கேஸ் அடி, சென்சரை மாற்றிக் கொயிலைக் கழுவு, அல்லது கொயிலையே மாற்று. முதலாவதைச் செய்து ஏமாந்தேன். இரண்டாவதைச் செய்து எட்டு மாதமாக நிம்மதியாக ஓடுகிறேன், அதில் ஒரு சித்திரை வெயிலும் அடக்கம். மூன்றாவதை மச்சானின் காரில் பார்த்தது மட்டும்தான். ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது தெரிந்ததுதான்.

கேஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும் என்பது உண்மை. ஆர்134ஏ கேஸின் அழுத்தம் கொயில் இருக்கும் தாழ்வழுத்தப் பக்கத்தில் ஏறத்தாழ 28 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் கொயில் 0 பாகைக்குக் கீழே இறங்கும், கொழும்பின் ஈரக் காற்று அதில் பட்டவுடன் உறையும். ஆனால் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சாமான் இல்லையே. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். முதல் கராஜில் எனக்கு ஒழுக்கும் பார்க்கவில்லை, எவ்வளவு கேஸ் வேண்டும் என்று பொனட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் கிராம் கணக்கும் பார்க்கவில்லை, மேலால் கொஞ்சம் அடித்து அனுப்பினார்கள். அன்று மாலை அருமையான குளிர். கார் கராஜில் அரை நாள் நின்றதில் ஐஸ் தானாகவே உருகியிருந்தது, அதுதான் விஷயம். அடுத்த நீண்ட பயணத்தில் பழைய கதை. ஐஸ் பிரச்சினையில் எந்த வைத்தியமும் முதல் நாள் பலித்ததுபோலத் தெரியும், அதனால் ஒரு மணித்தியாலம் நிற்காமல் ஓடிப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள்.

இரண்டாவது கராஜில் இருந்த அண்ணன் பொனட்டைத் திறந்துவிட்டு, ஏசியைப் போட்டுப் பத்து நிமிடம் பேசாமல் நின்றார். "கேஸ் சரி தம்பி. கம்ப்ரஷர் கட் ஆகுதில்ல, பாருங்க" என்றார். கொயில் 3, 4 பாகை வரை குளிர்ந்ததும், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஷரை நிறுத்தவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது தேர்மிஸ்டர் என்கிற சின்ன சென்சர். அதைக் கழற்றி ஐஸ் தண்ணீர்க் கிளாசில் போட்டு மீற்றரைப் பிடித்தார். குளிரக் குளிர மீற்றரில் ஓம் கணக்கு (மின்தடை) ஏறவேண்டும். என்னுடையது கொஞ்சம் ஏறிவிட்டு அப்படியே படுத்துவிட்டது. குளிர் போதவில்லை என்றே அது சொல்லிக்கொண்டிருக்க, கம்ப்ரஷரும் ஓயாமல் ஓடியிருக்கிறது. நகரத்துக்குள் நெரிசலில் எஞ்சின் மெதுவாக ஓடுவதால் தப்பிப்போனது, நிற்காமல் வேகமாக ஓடும் அதிவேகப் பாதையில் மாட்டியதும் இதனால்தான்.

காற்றோட்டம் அடைபட்டாலும் ஐஸ் கட்டும் என்பதால், கையோடு குளோவ் பொக்ஸைக் கழற்றி கெபின் பில்டரை இழுத்தார். சாம்பல் நிறக் கம்பளித் துண்டுபோல் வந்தது, நடுவில் காய்ந்த இலைகள். அந்தத் துவாரத்தாலேயே கொயிலுக்குக் கழுவும் நுரை அடித்தார்; கால் மணித்தியாலத்தில் அடிக் குழாயால் கறுப்புத் தண்ணீர் ஒழுகியது. சென்சர், பில்டர், கூலி எல்லாம் சேர்த்தே முதல் தடவை கேஸுக்குக் கொடுத்ததைவிடப் பெரிதாகக் கூடவில்லை.

கொயில் மாற்றுவதில் என் பயம் கொயில் இல்லை, டெஷ்போர்ட். நிறைய கார்களில் கொயிலை எடுக்க டெஷ்போர்டை முழுதாக இறக்கவேண்டும். ஸ்டியரிங், ஏர்பேக் வயர், நாற்பது ஐம்பது கிளிப் என்று கழற்றினால் வெயிலில் காய்ந்த பழைய பிளாஸ்டிக் கிளிப்பில் நாலைந்தாவது உடையும், உடைந்ததை யாரும் சொல்லமாட்டார்கள். மச்சான் பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் கொயில் ஒன்று வாங்கிப் போட்டார். குளிரில் குறை சொல்ல முடியாது. ஆனால் இடது பக்க வென்ட்டுக்குள் ஒரு கிரீச் சத்தம் அன்றிலிருந்து கூடவே வருகிறது. விற்கப் போனபோது, வாங்க வந்தவர் ஓரத்து இடைவெளியை விரலால் தடவிவிட்டு "அடிபட்ட காரா?" என்றுதான் முதலில் கேட்டார். ஏசிக்காகக் கழற்றியது என்று பில்லைக் காட்டியும் அந்த மனிதர் நம்பவில்லை, விலை இறங்கியது. இங்கே கார் என்பது சேமிப்பு மாதிரி, என்றோ ஒருநாள் விற்கத்தான் போகிறோம். ஓட்டையில்லாத கொயிலுக்காக டெஷ்போர்டில் கைவைக்க நான் ஒருபோதும் விடமாட்டேன்.

சில மொடல்களில் சென்சரை எடுக்கவே டெஷ்போர்டைத் தொடவேண்டி வரலாம், அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கொயிலில் எண்ணெய்ப் பிசுக்குடன் ஒழுக்கு பிடிபட்டால் வேறு வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். அப்போதும் கழற்றுமுன் டெஷ்போர்டைப் போனில் படம் எடுத்து வைத்துவிட்டு, புதுக் கிளிப் ஒரு பக்கெட் வாங்கிக் கையில் கொடுத்துவிடுங்கள்.