ஈரத் துண்டும் எர்த் இல்லாத பிளக்கும்

மூன்று வார விடுமுறையில் பாதி நாள் அம்மா வீட்டுக் குளியலறையிலேயே போய்விட்டது. குளித்ததில் இல்லை. அங்கே டவல் வார்மர் ஒன்று, அதாவது துண்டைச் சூடாக்கிக் காயவைக்கும் மின்சாரக் கம்பிச் சட்டம், மாட்டலாமா வேண்டாமா என்று கடைக்காரரோடும் எலக்ட்ரீஷியனோடும் பிளம்பரோடும் அம்மாவோடும் பேசியதில்.

ஆரம்பம் ஒரு வாடை. நான் போய் இறங்கிய நாளிலிருந்து மழை விடவில்லை. காலையில் குளித்துவிட்டுக் கம்பியில் போட்ட துண்டு மறுநாளும் நசநசவென்று இருந்தது. முகத்தில் வைத்தால், ஊறப்போட்டு மறந்துபோன துணியின் நாற்றம். துவைத்துக் காயவைத்தாலும் அடுத்த முறை நனைந்ததும் அது திரும்பி வந்துவிடும். இந்த வாடைக்கு முக்கியக் காரணம் மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் எழுதியிருக்கிறார்கள். துணி காய்ந்தாலும் சாகாமல் கிடக்கும், ஈரம் பட்டதும் பெருகும்.

அம்மாவின் குறை வேறு. "குளிச்சுட்டு அந்த ஈரத் துண்டு மேல படறப்போ உடம்பெல்லாம் சில்லுன்னு ஆயிடுதுடி" என்றார்.

நான் இருக்கும் குளிர்நாட்டு வீட்டில், சுவரில் ஏணியைச் சாத்திவைத்த மாதிரி அப்படி ஒரு கம்பிச் சட்டம் உண்டு. பனிக்காலக் காலையில் அதில் கிடந்த துண்டைச் சுற்றிக்கொள்ளும் சுகத்துக்குப் பழகிப்போனவள் நான். அதையே இங்கேயும் மாட்டினால் வாடையும் போகும், அம்மாவின் நடுக்கமும் போகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பெட்டியில் ஒன்றை வைத்தே கொண்டுவந்திருப்பேன், கணவர்தான் தடுத்தார். நாங்கள் இருப்பது 120 வோல்ட் நாடு, அம்மா வீட்டில் 230. அந்தச் சட்டத்துக்குள் இருப்பது வெறும் சூடேறும் கம்பி. வோல்டேஜ் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானால் வாட் மூன்றரை மடங்குக்கு மேல் போகும். 75 வாட்டுக்குச் செய்த பொருள் 275 வாட் இழுத்தால் துண்டு காயாது, கருகும்.

சரி, இங்கேயே வாங்கலாம் என்று குளியலறைச் சாமான் விற்கும் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனேன். உபசாரத்தில் குறையே இல்லை. ஏசி, குடிக்கத் தண்ணீர், கூடவே நடந்து வர ஒரு தம்பி. குரோம், மேட் கருப்பு, தங்க நிறம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். எத்தனை வாட் என்று கேட்டேன். "கரண்ட் ரொம்பக் கம்மி மேடம்." தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று காட்டும் ஐபி எண் என்ன? "அஞ்சு வருஷம் வாரன்டி இருக்கு மேடம்." கடைசியில் பெட்டியைத் திருப்பி நானே படித்துக்கொண்டேன். 75 வாட், ஐபிஎக்ஸ்4. கடைசியில் இருக்கும் அந்த 4தான் பார்க்க வேண்டியது. எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்று அர்த்தம். குழாய் வைத்துப் பீய்ச்சினாலும் தாங்க வேண்டுமென்றால் 5 வேண்டும். பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது, விற்கிறவர் ஒருமுறை படித்திருக்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசை எடுத்ததும் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். என் தடித் துண்டு காய்ந்திருக்கையில் 520 கிராம், குளித்துத் துவட்டியபின் 670. ஆக, விரட்ட வேண்டிய தண்ணீர் 150 கிராம். அதை ஆவியாக்க ஏறக்குறைய 0.1 யூனிட் மின்சாரம் போதும். 75 வாட் சட்டத்தின் சூடு முழுக்கத் துண்டுக்கே போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். பாதிச் சூடு சுவருக்கும் காற்றுக்கும் போவதால் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். டைமர் வைத்துத் தினமும் நான்கு மணி நேரம் ஓட்டினால் மாதம் 9 யூனிட். அணைக்க மறந்து இரவும் பகலும் ஓடினால் 54. செலவு விஷயத்தில் அந்தத் தம்பி சொன்னது பொய்யில்லை, டைமர் இருந்தால்.

ஆனால் அந்த 150 கிராம் தண்ணீர் எங்கே போகும்? ஜன்னலைச் சாத்திய குளியலறையின் காற்றிலேயே நிற்கும். 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 23 கிராம் நீராவிதான் தாங்கும். அம்மாவின் குளியலறை மொத்தமே 10 கன மீட்டர் இருக்கும். வெந்நீர் ஆவி ஒரு பக்கம், இரண்டு துண்டு ஒரு பக்கம் என்றால் கண்ணாடியும் கூரையும் வியர்க்கத்தான் செய்யும். துண்டிலிருந்த ஈரத்தைச் சுவருக்கு இடம் மாற்றுவதற்கு நான் ஏன் மின்சாரம் செலவழிக்க வேண்டும்? அங்கே இருந்த எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடி எத்தனை வருடமாயிற்று என்று யாருக்கும் ஞாபகமில்லை. அதன் இறக்கைக்கு நடுவில் குருவி கூடு கட்டியிருந்தது.

எலக்ட்ரீஷியன் ஒன்பது மணிக்கு வருகிறேன் என்று சொல்லி பதினொன்றரைக்கு வந்தார். அதை நான் பெரிதுபடுத்தப் போவதில்லை, இந்தப் பயணத்தில் நான் பார்த்த ஆட்களில் வேலை தெரிந்தவர் அவர்தான். டவல் வார்மர் என்றதும் எங்கே மாட்டணும் என்று கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு ஹோல்டரை எடுத்தார். அதில் ஒரு குண்டு பல்பு, இரண்டு ஒயர். கீசர் பிளக்கில் கரண்ட் வரும் பேஸிலும் அது திரும்பும் நியூட்ரலிலும் வைத்தார், பல்பு எரிந்தது. நியூட்ரல் ஒயரை எடுத்து எர்த் ஓட்டையில் வைத்தார். எரியவில்லை. ஆட்டிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், இருட்டுதான்.

"இந்த ஓட்டை சும்மா அழகுக்கு இருக்குக்கா."

பிளக் பெட்டியைக் கழற்றினால், கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டிய பச்சை எர்த் ஒயர் உள்ளே இருக்கிறது. சுருட்டி, நுனியில் டேப் சுற்றி, எதிலும் சேராமல் மூலையில் படுத்திருக்கிறது. வீடு கட்டியபோது வயரிங் செய்தவர் அப்படியே திணித்து மூடிவிட்டுப் போயிருக்கிறார். பத்து வருடமாகக் கீசர் அதில்தான் ஓடியது.

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "அதான் குழாயைத் தொட்டா சில நேரம் சுருக்குனு இருக்குமா?" என்றார்.

"சொல்லவே இல்லையேம்மா!"

"மழைக்காலத்துல அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

எலக்ட்ரீஷியன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மெயின் சுவிட்சை அணைத்தார். அன்று பிற்பகல் முழுக்க டவல் வார்மர் பேச்சே எழவில்லை. பச்சை ஒயரைச் சேர்த்தார். எர்த் குழியையும் பார்த்தார். மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைப் பொருத்தினார். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒத்துப்போகாவிட்டால், எங்கோ கசிகிறது என்று உடனே துண்டிக்கும் சாதனம் அது. முடித்துவிட்டு அதே பல்பைப் பேஸிலும் எர்த்திலும் வைத்தார். பல்பு கண்ணைச் சிமிட்டியதோடு சரி, வீடே இருண்டது. "இப்பத்தான்க்கா சரி" என்றார்.

அப்புறம் இடம் பார்த்தோம். குளியலறை மின் வேலைக்கு சர்வதேச விதிமுறை ஒன்று இருக்கிறது. தொட்டியில்லாமல் தரை முழுக்க நனையும் அறையில், ஷவரிலிருந்து 1.2 மீட்டர் தூரம் வரை, 2.25 மீட்டர் உயரம் வரை ஆபத்துப் பகுதி. அம்மா வீட்டில் டேப்பைப் பிடித்தால் மிஞ்சியது கதவுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றைச் சுவர். அங்கே மாட்டலாம்தான். சுவிட்சை அறைக்கு வெளியே வைத்து, இணைப்பைச் சுவருக்குள் கொண்டுபோய்விடலாம் என்று அவரும் சொன்னார்.

பிளம்பர் வந்தது ஒழுகும் குழாய்க்கு. வந்தார், வாஷர் மாற்றினார், போனார். போகும்போது பென்சிலால் சுவரில் போட்டிருந்த கோட்டைப் பார்த்து, "இங்க கைப்பிடிக் கம்பியா போடறீங்க?" என்று கேட்டார். இல்லை, துண்டு சூடாக்கும் கம்பி என்றேன். "அம்மா அதைத்தான் புடிப்பாங்க" என்றார்.

அதுவரை எனக்கு அது தோன்றவேயில்லை. வழுக்கும் தரையில் கால் தடுமாறினால் கை எட்டுகிற கம்பியைப் பிடிக்கும். இந்தச் சட்டத்தின் மேல்பரப்பு 50, 60 டிகிரிக்குச் சூடாகும். பிடித்த கை தானாக விட்டுவிடும். விடாவிட்டாலும், துண்டின் எடைக்காகப் போட்ட நான்கு திருகு ஆளின் எடையைத் தாங்காது. இரண்டு வாரமாக நான் வாட்டையும் யூனிட்டையும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், அவர் குளியலறையைப் பார்த்த இரண்டே நிமிடத்தில் அம்மாவைப் பார்த்துவிட்டார்.

கதவுக்குப் பின்னால் அந்த இடத்தில் கைப்பிடிக் கம்பிதான் வந்தது. டைல்ஸைத் தாண்டிச் செங்கல் வரை போல்ட் இறக்கி, அதில் தொங்கிப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். குருவி கூட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்ததால் எக்ஸாஸ்ட் ஃபேனையும் மாற்றியாயிற்று. கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி விடச் சொன்னார் எலக்ட்ரீஷியன். காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் ஃபேன் சும்மா சுற்றும், ஈரத்தை இழுக்காது. துண்டுகளுக்கு ஒரு மடக்கு ஸ்டாண்டு, அதுவும் குளியலறைக்கு வெளியே, படுக்கையறை மின்விசிறிக்கு நேர் கீழே. என் தடித் துண்டை மடித்துவைத்துவிட்டு அம்மாவின் மெல்லிய பருத்தித் துண்டுக்கு மாறினேன். காலையில் போட்டது மழையிலும் சாயங்காலத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. காய்ந்த துண்டு மேலே பட்டால் அம்மாவுக்குச் சில்லிடவில்லை.

கதகதப்பான துண்டின் சுகம் இதில் இல்லைதான். தடுமாறாத கால், ஷவரிலிருந்து தள்ளி ஒரு சுவர், ஓடுகிற எக்ஸாஸ்ட் ஃபேன், வருடத்தில் பாதி குளிர் என்று இருக்கிற வீடாக இருந்தால் நானே மாட்டச் சொல்வேன், டைமரோடு.

கிளம்புகிற அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது குளியலறையிலிருந்து அம்மாவின் குரல். ஓடிப்போய்ப் பார்த்தேன். கீசர் குழாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "ஒண்ணும் பண்ணலடி" என்றார்.