டெங்குக் காய்ச்சலை ஈரல் சுருக்கம் என்று விற்றார்கள்

மதுரையில் ஃபேட்டி லிவர், அதாவது ஈரலில் கொழுப்பு என்று ஸ்கேனில் எழுதி வாங்கியவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள். எனக்கு வயது 52. கிரேடு 2 என்று போன வருடமே சொல்லிவிட்டார்கள். வலி, தொந்தரவு எதுவும் இல்லை. அதனால் நானும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

வில்லாபுரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் போட்டிருந்தார்கள். சர்க்கரை, பிரஷர் மட்டும்தான் இலவசம். ஃபேட்டி லிவர் என்றதும் தனியாக உட்கார வைத்து, "ஈரலில் தழும்பு விழுந்திருக்கா என்று ரத்தத்திலேயே பார்த்துடலாம் சார், அட்வான்ஸ்டு மார்க்கர் பேனல்" என்றார்கள். 4,800 ரூபாய். கட்டிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ரத்தம் எடுக்கப் பையன் வீட்டுக்கு வந்தபோது நான் டெங்குவில் படுத்து எழுந்திருந்தேன். காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான். "தம்பி, இன்னொரு நாள் வாயேன்" என்றேன். "பரவால்ல சார், இது லிவர் டெஸ்ட்தானே, காய்ச்சலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்றான். எனக்கு எழுந்து உட்காரவே தெம்பில்லை. கையை நீட்டிவிட்டேன். அந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு வினையாக வந்தது.

ரிப்போர்ட் எட்டுப் பக்கம், வழவழத் தாள். முதல் பக்கத்தில் பாதி கருத்த ஈரல் படம், கீழே சிவப்பில் 6.2, பக்கத்தில் 'எஃப்4 – சிரோசிஸ்', அதாவது தழும்பின் கடைசிக் கட்டமான ஈரல் சுருக்கம். சாயங்காலமே ஒரு அம்மா போன் செய்து, மூன்று மாத 'லிவர் டீடாக்ஸ்' பொடி எடுக்காவிட்டால் ஒரு வருடத்தில் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும் என்றார். முதல் மாதத்துக்கு 6,000. அதையும் கட்டினேன். வீட்டில் அழுகை. எதிர் வீட்டு அத்தை கீழாநெல்லியை அரைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அவராவது காசு கேட்கவில்லை.

மச்சினன்தான் பொடியைத் தொடவிடாமல், கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். டாக்டர் எட்டுப் பக்கத்தையும் புரட்டிவிட்டு, "இதில் ஸ்பெஷல் டெஸ்ட் எங்கே இருக்கு?" என்றார். பார்த்தால் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டு ஈரல் நொதிகள், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டின் எண்ணிக்கை, அவ்வளவுதான். எந்தத் தெரு லேபிலும் எடுக்கிற சாதாரண டெஸ்ட்.

சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஈரலில் தழும்பு இருக்குமா என்று ஊகிக்கிற இந்தக் கணக்குக்கு ஃபிப்-4 என்று பெயராம். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கி, ஆயிரத்தில் சொல்லும் பிளேட்லெட்டாலும் (92,000 என்றால் 92), எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும். எனக்கு எஸ்.ஜி.ஓ.டி. 88, எஸ்.ஜி.பி.டி. 64, பிளேட்லெட் 92,000. வருவது 6.2. கூட்டல் கழித்தலில் தப்பே இல்லை. ஆனால் டெங்குவில் பிளேட்லெட் விழும், எஸ்.ஜி.ஓ.டி. ஏறும். ஈரலில் தழும்பு முற்றி, மண்ணீரல் வீங்கும்போதும் பிளேட்லெட் அப்படித்தான் குறையும். எதனால் குறைந்தது என்று கணக்குக்கு எப்படித் தெரியும்? ஆள்தான் கேட்க வேண்டும்.

ஆறு வாரம் கழித்து மறுபடி எடுத்தோம். எஸ்.ஜி.ஓ.டி. 38, எஸ்.ஜி.பி.டி. 49, பிளேட்லெட் 2.28 லட்சம். வந்தது 1.24. 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67-க்கு மேல் போனால் மேற்கொண்டு பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்த எண்ணை மட்டும் வைத்து யாருக்கும் சிரோசிஸ் என்று எழுதக் கூடாது என்றார். 65 வயது தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லை 2.0. 35-க்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கை நம்ப முடியாதாம். என் மனது ஆறட்டும் என்று மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு போய், ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் எடுத்தேன். 5.9 கிலோ பாஸ்கல். 8-க்குக் கீழே என்றால் பயமில்லை.

அப்புறம், அந்த கிரேடு 2 கொழுப்பின் அளவாம். தழும்பின் அளவு இல்லை. ஒரு வருடமாக இரண்டையும் ஒன்றென்றே நினைத்திருக்கிறேன்.

தழும்புக்கென்றே தனி ரத்த டெஸ்ட் இல்லாமல் இல்லை. ஈ.எல்.எஃப். என்று ஒன்று, ஹையலூரோனிக் ஆசிட் உட்பட மூன்று பொருளை அளப்பது. என் ரிப்போர்ட்டில் அந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. 'அட்வான்ஸ்டு பேனல்' என்று யாராவது சொன்னால், காசு கட்டுமுன் எந்தெந்தப் பொருளை அளக்கிறீர்கள் என்று எழுதி வாங்குங்கள். காய்ச்சல் வந்து போன புதிதில் இந்த டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்காதீர்கள்.

காசைத் திருப்பிக் கேட்டேன். டெஸ்ட் செய்தாகிவிட்டது, பொடி டப்பாவின் சீல் பிரிந்துவிட்டது என்கிறார்கள். சீல் அப்படியே இருக்கும் போட்டோவை அனுப்பினேன், என் நம்பரைத் தடுத்துவிட்டார்கள். மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி வைத்திருக்கிறேன்.

போன வாரம் திருநகரில் அதே பேனரைப் பார்த்தேன். அதே கருத்த ஈரல் படம். விலை மட்டும் 3,999 ஆகியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.