சாவி கொடுக்கும் குரோனோகிராஃப்: பல வருடப் பழக்கத்துக்குப் பின்

என் கையில் இருப்பது தினமும் சாவி கொடுக்க வேண்டிய குரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்சும் சேர்ந்த வாட்ச். உள்ளே ஓடுவது எஸ்டி19 இயந்திரம். 1961-இல் விமானப்படைக்காக வாட்ச் செய்ய முனைந்த சீனாவின் தியான்ஜின் ஆலை, சுவிட்சர்லாந்தின் வீனஸ் 175 இயந்திரத்தைச் செய்யும் கருவிகளை வாங்கியது. அந்த வழியில் வந்தது இது. பல வருடங்களாக மைதானத்தில் பிள்ளைகளின் ஓட்டத்துக்கு இதில்தான் நேரம் எடுக்கிறேன்.

இதை வாங்கியதே அந்தப் பட்டனுக்காகத்தான். நேரம் எடுக்கத் தொடங்க மேல் பட்டனை அழுத்தினால் கட்டைவிரலில் ஒரு தெறிப்பு உணரலாம். பின்பக்கக் கண்ணாடி வழியே பார்த்தால், கோட்டைக் கொத்தளம் போல் நிமிர்ந்த தூண் சக்கரம் ஒரு படி திரும்பும், நெம்புகோலின் மூக்கு இரண்டு தூண்களுக்கு நடுவே விழும், பல்சக்கரங்கள் கோத்துக்கொள்ளும். அப்போது விநாடி முள் சில நேரம் லேசாகத் துள்ளும். பழுதோ என்று பயப்பட வேண்டாம், பல்லோடு பல் கோத்து இணையும் இந்த வகை கிளட்சின் இயல்பு அது.

மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது விநாடிக்கு 6. எனவே ஆறில் ஒரு பங்கு விநாடிக்குக் கீழே இது எதையும் சொல்லாது. டிஜிட்டல் ஸ்டாப்வாட்ச் நூறில் ஒரு பங்கு வரை காட்டினாலும் அழுத்துவது நம் விரல்தானே! தடகள விதிகளே கையால் எடுத்த நேரத்தை அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு ஏற்றித்தான் எழுதச் சொல்கின்றன. மூன்று பேர் எடுத்த நேரமும் வேறுபட்டால் நடுவில் உள்ளதே கணக்கு. 800, 1500 மீட்டர் பயிற்சிக்கு இந்த வாட்ச் தாராளமாகப் போதும். 100 மீட்டருக்கு டிஜிட்டலையே எடுத்துப் போகிறேன்.

எனக்குள்ள பெரிய குறை வேறு. கீழ்ப் பட்டனை அழுத்தியதும் முள் பூஜ்யத்துக்குப் பாய்ந்துவிடும், ஓட்டத்தின் தடயமே இருக்காது. 1821-இல் பாரிஸ் குதிரைப் பந்தயத்தில் பிரெஞ்சுக் கடிகாரக் கலைஞர் ரியூசெக் பயன்படுத்திய கருவி, ஒவ்வொரு குதிரையும் எல்லையைத் தாண்டும்போது டயலில் ஒரு மைப்புள்ளி வைத்தது. பந்தயம் முடிந்த பிறகும் புள்ளி நின்றது.

பாபிலோனியர்களின் களிமண் குறிப்புகளை நினைத்தால் எனக்கு இன்னும் பிரமிப்புதான். கி.மு. 136-இல் முழுச் சூரிய கிரகணம் உதயத்துக்குப் பின் 24 உஷ் கழித்துத் தொடங்கியது என்று எழுதிவைத்தார்கள். ஓர் உஷ் நம் 4 நிமிடம். பூமி ஒரே வேகத்தில் சுழன்றிருந்தால் வர வேண்டிய நேரத்துக்கும் இதற்கும் மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவெளி. பூமியின் சுழற்சி மெல்லக் குறைந்துவருவதை இப்படிப்பட்ட பதிவுகளை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள்.

அதனால் வாட்சோடு ஒரு நோட்டும் வைத்திருங்கள். தேதி, தூரம், யார் ஓடியது, எந்தக் கடிகாரம் என்று எழுதிய பிறகே கீழ்ப் பட்டனைத் தொடுங்கள். நிமிடங்களை எண்ணும் சிறு முள் 30 நிமிடத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்; நீண்ட ஓட்டமென்றால் புறப்பட்ட மணியையும் குறித்துக்கொள்ளுங்கள். மழையில் கட்டாதீர்கள்.