லோன் பாக்கியோடு வங்கியிடம் சண்டை: என் சேமிப்புக் கணக்கு அனுபவம்

தண்டையார்பேட்டை நண்பன் ஒருவன் கேட்டான்: "மாப்ள, லோன் ஓடும்போது பிடிச்ச காசைத் திருப்பிக் கேட்டா அக்கவுண்ட்டை மூடிடுவானுங்களா?" அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வங்கியின் பெயர் வேண்டாம். தனியார் வங்கி, கிளை வண்ணாரப்பேட்டையில். மணலியில் வேலை பார்த்தபோது கம்பெனி திறந்து கொடுத்த சம்பளக் கணக்கு. செயலி அருமை, அதில் பொய் சொல்ல மாட்டேன். கொருக்குப்பேட்டையில் முழங்கால் தண்ணீர் நின்ற மழையிலும் பணம் போய்ச் சேர்ந்தது.

தொல்லை வேலை போன பிறகுதான். சில மாதம் சம்பளம் விழாததால் அது சாதாரண சேமிப்புக் கணக்காகிவிட்டது. உடனே மினிமம் பேலன்ஸ் அபராதம். அதே வங்கியில் பர்சனல் லோன் வேறு. இ.எம்.ஐ. பவுன்ஸ் ஆனால் 500 ரூபாய், அதற்கு 18% ஜி.எஸ்.டி., ஆக 590. மச்சானிடம் கைமாற்று வாங்கிப் போட்டேன். அபராதம் முதலில் எடுத்துக்கொண்டது, மிச்சம் தவணைக்குப் போதவில்லை, மறுபடி பவுன்ஸ். இதற்கு மேல் இன்னொரு மினிமம் பேலன்ஸ் பிடித்தம் வந்து கணக்கே மைனஸில் நின்றது.

கிளையில் கேட்டால் அங்கிருந்த தம்பி, "சார், உங்களுக்கு லோன் வேற ஓடுது, பார்த்துக்கோங்க" என்றார். அக்கறையா மிரட்டலா, இன்றுவரை புரியவில்லை. கணக்கை மூடிவிட்டால்? மொத்தக் கடனையும் இப்போதே கட்டு என்றால்? வாசலுக்கு ஆள் அனுப்பினால்? தூக்கம் போயிற்று.

நிதானமாக யோசித்தால், அவர்களுடைய தவணையே இந்தக் கணக்கிலிருந்துதான் போகிறது. மூடி அவர்களுக்கு என்ன லாபம்? பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: தவணை பாக்கி இருந்தால், கணக்கில் விழும் பணத்தை வங்கி கடனுக்கு எடுத்துக்கொள்ள வழி உண்டு. அதனால் முதலில் ஓர் அரசு வங்கியில் மினிமம் பேலன்ஸ் கேட்காத அடிப்படை சேமிப்புக் கணக்கு தொடங்கி, புது வேலையின் சம்பளத்தை அங்கே திருப்பினேன். இங்கே தவணைக்கான பணம் மட்டும்.

அப்புறம்தான் எழுத்தில் புகார். ரிசர்வ் வங்கியின் 2014 நவம்பர் சுற்றறிக்கை கைகொடுத்தது. பேலன்ஸ் குறைந்தால் முதலில் தெரிவிக்க வேண்டும், சரிசெய்ய ஒரு மாதமாவது தர வேண்டும், அந்த அபராதத்தால் மட்டுமே கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. 2015 ஏப்ரல் முதல் இதுதான் விதி. 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவேன் என்றும் சேர்த்தேன். அதற்குக் கட்டணம் கிடையாது.

மினிமம் பேலன்ஸ் பிடித்தம் முழுக்கத் திரும்பி வந்தது. பவுன்ஸ் கட்டணம் வரவில்லை; லோன் பேப்பரிலேயே இருப்பது, அதில் எனக்குச் சண்டையில்லை. கணக்கு திறந்தேதான் இருக்கிறது, யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் ஸ்டேட் வங்கி 2020-லேயே கைவிட்ட அபராதத்தை இவர்கள் இன்னும் கட்டிக்கொண்டு அழுவது ஏனோ!

ஐந்துக்கு நான்கு போடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். பாதியில் அவர்களிடமிருந்தே ஒரு மெசேஜ்: எனக்குப் புது லோன் ஒப்புதலாகித் தயாராக இருக்கிறதாம். சரி, ஒன்று போதும்.