விதையா, குட்டிக் கிழங்கா?

மட்டக்களப்பின் கல்லடி மணலில், கிழங்கிலிருந்து வளரும் பூச்செடியான அமரில்லிஸைப் பெருக்க, தாய்க்கிழங்கை ஒட்டி வரும் குட்டியைப் பிரித்து நடலாம். இரண்டு மூன்று ஆண்டுகளில் பூக்கும்; நிறம் தாயினதேதான்.

விதை அப்படியல்ல. வெள்ளைப் பூவின் மகரந்தப் பைகளை வெடிக்குமுன் கிள்ளிவிட்டு, சூலகமுடி (மகரந்தத்தை ஏற்கும் நுனி) மூன்றாக விரிந்ததும் சிவப்புப் பூவின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். ஏறத்தாழ ஐந்து வாரங்களில் காய் முற்றி வெடிக்கும். காகிதம் போன்ற கறுப்பு விதைகளைத் தாமதியாமல் விதையுங்கள். 1799இல் இப்படி இரு வகைகளைக் கலந்து அமரில்லிஸின் முதல் கலப்பினத்தை உருவாக்கிய ஜோன்சன் ஓர் ஆங்கிலேயக் கடிகாரத் தொழிலாளி. பொறுமைக்குக் கேட்கவா வேண்டும்! பூவைக் காண மூன்று நான்கு ஆண்டுகளாகும். ஆனாலும் எனக்கு விதைதான்: ஒரே காயின் நாற்றுகளும் வெவ்வேறாகப் பூக்கும்.

மார்கழி மழையில் நீர் தேங்கினால் இரண்டுமே அழுகும். சாடியைத் தாழ்வாரத்தில் ஏற்றிவிடுங்கள்.